ஐஸுல விழுந்த குதிரைய ஏன் ஒடனே இழுக்கல?

ஆடு மாடு கேள்வி பதில்

போன இதழ்ல இங்க மலேசியாவுல, சுங்கை சிப்புட்லேர்ந்து ஒரு அம்மா எழுதுன கடிதத்தப் போட்டு, பதில் அடுத்த இதழ்லன்னு சொல்லியிருந்தேன். அதப் படிச்சுட்டு அதே ஊர்லேர்ந்து இன்னும் மூணு பேரு எழுதிட்டாங்க, அதனால இந்த வாரம் முழுக்க இந்த ஒரே விஷயந்தான், கோழிக்கு சளி புடிச்ச கேள்வி அனுப்புனவங்க ஒரு வாரம் பொறுத்துக்கோங்க.

கேள்வி: அக்கா, நான் செம்பனத் தோட்டத்துல ஒழச்சு ரிட்டையர் ஆனவ. என் மக கல்யாணம் ஆகி கனடாவுல, வினிப்பெக் பக்கத்துல ஒரு சின்ன ஊர்ல இருக்கா. அன்னிக்கு வீடியோ கால்ல பேசிக்கிட்டு இருக்கும்போதே பக்கத்துப் பண்ணைக் குதிரை ஒண்ணு குளத்து ஐஸ் ஒடஞ்சு உள்ள போயிருச்சு. இவ போன கையோட ஓடுறா, நான் இங்க லயத்து வீட்டு வாசல்ல ஒக்காந்து பாத்துக்கிட்டு இருக்கேன், குதிரை தல மட்டும் வெளிய தெரியுது, மூக்குலேர்ந்து பொகையா வருது. மக ஐஸ் மேல கால வைக்கப் போனா, பண்ணைக்கார அம்மா புடிச்சு இழுத்துட்டாங்க. ஃபயர் எஞ்சின் வந்துச்சு, ஆனா வந்தவங்க ஒடனே இழுக்கல. கயிறு எடுத்தாங்க, பலக எடுத்தாங்க, மிஷின் ரம்பம் எடுத்தாங்க, நின்னு பேசுனாங்க. முக்கா மணி நேரம் ஆச்சு வெளிய எடுக்க. எடுத்தப்புறமும் படுத்தே கெடந்துச்சு. இப்ப உசுரோட இருக்குன்னு மக சொல்றா, ஆனா என் மனசு ஆறல. நம்மாளுங்கன்னா நாலு பேரு குதிச்சு இழுத்துருப்பாங்களே, அவங்க ஏன் அப்படி நின்னாங்க?

பதில்: அம்மா, ஒங்க லெட்டரப் படிச்சு எனக்கும் வயித்தப் பெசஞ்சுது. எங்கப்பா ஈப்போ பந்தய மைதானத்துல சைஸ் வேல, அதாவது குதிரையப் பராமரிக்கிற வேல பாத்தவரு. சின்னப் புள்ளையில விடிகாலையில அவரு பின்னாடியே போயி குதிரை மூச்ச உள்ளங்கையில வாங்கிப் பழகுனவ நான். ஐஸ் குளத்த நான் நேர்ல பாத்ததில்ல, ஆனா பெரிய மிருகங்கள எப்படி மீக்குறாங்கன்னு ரொம்ப வருஷமா படிச்சுக்கிட்டு வர்றேன், அதுக்குக் காரணம் கடைசி கேள்வில வரும். நீங்க பாத்த அந்தப் பொகை நல்ல சேதிம்மா, மூச்சு ஓடிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்.

அந்த முக்கா மணி நேரத்துக்கு வருவோம். குதிரைக்கு யாரும் நீச்சல் சொல்லித்தர வேணாம், நுரையீரல் பெருசு, தானா மெதக்கும். ஒடம்பும் பெருசு, ஒரு குதிரை 500 கிலோ பக்கம் வரும், பெரிய அண்டாவுல இருக்குற சுடுதண்ணி லேட்டா ஆறுற மாதிரி அதோட சூடு நம்ம சூட்ட விட மெதுவாத்தான் எறங்கும். தண்ணி காத்த விட சுமார் 25 மடங்கு வேகமா ஒடம்புச் சூட்ட உருவும்னு சொல்றாங்க, அதனால குதிரைக்கும் ஆபத்து இருக்கு, இல்லேன்னு சொல்லல, ஆனா அதுக்குக் கொஞ்சம் நேரம் இருக்கு. மனுஷனுக்கு அந்த நேரம் கெடையாது. ஒங்க மக இருக்குற அதே மாநிலத்துல, மனிதோபா யுனிவர்சிட்டில, பேராசிரியரா இருந்தவரு கோர்டன் கீஸ்பிரெக்ட்னு ஒருத்தரு, ஐஸ் தண்ணில விழுந்த மனுஷனுக்கு என்ன ஆகும்னே பல வருஷமா ஆராய்ச்சி பண்ணவரு, தானே எறங்கிப் பாத்தவரு. அவரு சொல்ற கணக்கு 1, 10, 1. மொத 1 நிமிஷம் மூச்சு தெணறும், அத அடக்கணும். அடுத்த 10 நிமிஷந்தான் கையும் காலும் சொன்னதக் கேக்கும். அப்புறம் 1 மணி நேரத்துல நெனவு போகும். அதாவது ஒங்க மக எறங்கியிருந்தா பத்தே நிமிஷத்துல வெரல் மடங்காது, கயித்து முடிச்சு கூடப் போட முடியாது, அதுக்குள்ள பயத்துல ஒதறிக்கிட்டு இருக்குற 500 கிலோ மிருகத்தோட முன்னங்கால் அவ மேல எறங்கியிருக்கும். அப்புறம் ஃபயர்காரங்க மொதல்ல ஒங்க மகளத்தான் தூக்கணும், குதிரை காத்துக்கிட்டு கெடக்கணும். அந்தப் பண்ணைக்கார அம்மா புடிச்சு இழுத்தாங்கல்ல, அவங்களுக்கு என் பேரச் சொல்லி ஒரு நன்றி சொல்லச் சொல்லுங்க.

அவங்க சும்மா நிக்கல. ஓரத்து ஐஸ் மனுஷங்கள தாங்குமான்னு பாத்துருப்பாங்க, கனடா செஞ்சிலுவச் சங்கம் ஒத்த ஆள் நடக்கவே 15 சென்டிமீட்டர் கனம் வேணும்னு சொல்லுது, அதுவும் தெளிவான நீல ஐஸா இருந்தா. பால் மாதிரி வெள்ளையா இருக்குற ஐஸுக்கு அதுல பாதி பலந்தான். குதிரை எல்லா எடையையும் நாலு சின்னக் குளம்புல இறக்குது, அது விழுந்த எடத்துல ஐஸ் ஏற்கெனவே விரிசல் விட்டுருக்கும். அதனால போறவங்க மெதக்குற டிரெஸ்ஸ மாட்டிக்கிட்டு, இடுப்புல கயிறு கட்டி கரையில ஆள் புடிச்சுக்க, வயித்தால படுத்து ஊர்ந்துதான் போவாங்க, பலகையோ ஏணியோ கீழ போட்டு எடையப் பரப்பி. நம்ம சேத்துல போறப்ப பலக போட்டு நடக்குறோம்ல, அதே யோசனதான்.

போனவுடனே மொத வேல இழுக்குறது இல்ல, தலையப் புடிக்கிறது. தலையில வாரு மாட்டி, அதுல கயிறு கட்டி, மூக்கு தண்ணிக்கு மேல நிக்கிற மாதிரி பாத்துக்கணும், முடிஞ்சா லைஃப் ஜாக்கெட்ட தாடைக்குக் கீழ சொருகி வைப்பாங்க. இந்த வாரு தலைய நிறுத்தி வைக்க மட்டும், இழுக்க இல்ல. குதிரை ஐஸ் ஓரத்துல முன்னங்கால போட்டு ஏறப் பாக்கும், ஓரம் ஒடயும், மறுபடி போடும், மறுபடி ஒடயும், ஒவ்வொரு தடவையும் ஓட்ட பெருசாகும் குதிரைக்கு தெம்பு கொறையும். தலையப் புடிச்சு அமைதிப்படுத்துனா அந்தத் தெம்பு மிச்சம்.

அப்புறந்தான் பட்டை. கயிறு இல்லம்மா, பட்டை, நம்ம கை அகலத்துக்கு தட்டையா இருக்கும், பழைய ஃபயர் ஹோஸ கூட வெட்டி வச்சுப்பாங்க. அத முன்னங்காலுக்குப் பின்னாடி நெஞ்சச் சுத்தி போடுறது, சில சமயம் பின்னாடி தொடையச் சுத்தியும் ஒண்ணு. ஒடம்போட பலமான எடம் அதுதான். கழுத்த, வால, கால புடிச்சு இழுக்கவே கூடாது.

மிஷின் ரம்பம் எடுத்தாங்கன்னு சொன்னீங்கல்ல, அது எதுக்குன்னு சொல்றேன். கர கிட்ட இருந்தா ஓட்டையிலேர்ந்து கர வரைக்கும் ஐஸ அறுத்து வாய்க்கா மாதிரி வழி பண்ணிருவாங்க, கால் தரையத் தொட்டதும் குதிரை தானா நடந்து ஏறும், இருக்குறதுலயே மிருகத்துக்கு வலி கொறஞ்ச வழி இதுதான். தூரமா இருந்தா ஓரத்துல பலகையச் சாய்ச்சு, கரையில நிக்கிற ஆளுங்களோ, கயித்தச் சுத்தி இழுக்குற வின்ச் மிஷினோ மெதுவா, ஒரே சீரா இழுத்து ஐஸ் மேல வழுக்கிக்கிட்டே கொண்டு வருவாங்க, குதிரை பக்கவாட்டுல சாஞ்சு கெடக்க கெடக்கவே. இங்கதான் ஒங்களுக்கு வயிறு எரிஞ்சிருக்கும், ஏன் எழுப்பி நிறுத்தலன்னு. ஐஸ் மேல நிறுத்துனா பின்னங்கால் ரெண்டும் ரெண்டு பக்கம் வழுக்கி விரியும், உள்தொட சதை கிழிஞ்சுரும், இடுப்பெலும்பு ஒடஞ்சாலும் ஒடயும், அப்புறம் தண்ணிலேர்ந்து எடுத்ததுக்கே அர்த்தம் இல்லாமப் போயிரும். மண்ணு வர்ற வரைக்கும் படுத்தே வரணும்.

வெளிய வந்து கெடந்தது அசதிம்மா, கால் மரத்துப் போயிருக்கும். காத்து படாத எடத்துக்குக் கொண்டு போயி, துண்டு வைக்கோல்னு எது கெடச்சாலும் வச்சுத் தொடச்சு, ஈரம் போனதும் கம்பளி போத்தி, டாக்டர் வெதுவெதுப்பான சலைன் ஏத்துவாரு. ஆசனவாயில தெர்மாமீட்டர் வச்சா நல்லா இருக்குற குதிரைக்கு 38 டிகிரி பக்கம் இருக்கணும், அது ஏறுதான்னு பாத்துக்கிட்டே இருக்கணும். முழுங்க ஆரம்பிச்சதும் புல்லு குடுப்பாங்க, பசிக்கு மட்டும் இல்ல, அந்த நார் குடல்ல புளிக்கிறப்பவே சூடு உண்டாகும், வயித்துக்குள்ள ஒரு சின்ன அடுப்பு மாதிரி. மக கிட்ட ஒண்ணு மட்டும் சொல்லுங்க: அடுத்த சில நாளைக்கு குதிரைக்கு இருமல், காய்ச்சல், மூக்குல சளி வருதான்னு பண்ணைக்காரங்கள பாக்கச் சொல்லட்டும், தண்ணி நுரையீரலுக்குள்ள போயிருந்தா நிமோனியா கொஞ்ச நாள் கழிச்சுத்தான் தல காட்டும்.

கேள்வி: நான் பழைய லோரி டிரைவர். அந்தக் காலத்துல வெள்ளக்காரனே ஐஸுல விழுந்த குதிரைய கழுத்துல கயிறு போட்டுத்தான் இழுத்தான்னு எங்கேயோ படிச்சேன். இது நெசமா? நெசம்னா இப்ப ஏன் கூடாதுங்குறாங்க?

பதில்: அண்ணே, நெசந்தான். இந்தக் கதைல நம்ம ஊரு மெட்ராசும் வருது, அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன். மெட்ராஸ் கடற்கரையில விவேகானந்தர் இல்லம் இருக்குல்ல, வட்டமா, அதுக்குப் பழைய பேரு ஐஸ் ஹவுஸ். 1842ல கட்டுனது, விவேகானந்தர் வந்து தங்குனது 1897ல. கட்டுனவரு பிரெடெரிக் டியூடர்னு அமெரிக்கா பாஸ்டன் வியாபாரி, குளிர்காலத்துல அங்க இருக்குற ஏரி ஐஸ வெட்டி, மரத்தூள் போட்டு மூடி, கப்பல்ல ஏத்தி உலகம் முழுக்க வித்தவரு. கல்கத்தாவுக்கு மொத கப்பல் 1833ல வந்துச்சு, பாஸ்டன்ல கெளம்பி நாலு மாசம் கடல்ல. அந்த ஐஸ வெட்டுனது யாருன்னு நெனக்கிறீங்க, குதிரைங்கதான். 1825ல நத்தானியேல் வையத்னு ஒருத்தரு குதிரை இழுக்குற ஏர் மாதிரி ஒரு ஐஸ் வெட்டி பண்ணாரு, அதுலேர்ந்துதான் அந்தத் தொழிலே பெருசாச்சு. மெட்ராஸ்ல தொரைமாரு கிளாஸுல கெடந்த ஐஸுக்குப் பின்னாடி ஏதோ ஒரு ஏரி மேல நடுங்கிக்கிட்டு ஏர் இழுத்த குதிரை இருந்துச்சு.

ஐஸ் மேலயே நாள் பூரா வேல, விழாம இருக்குமா. அதனால அந்தத் தொழிலாளிங்க குதிரை கழுத்துல எப்பவும் ஒரு சுருக்குக் கயிறு போட்டே வச்சிருந்தாங்க. விழுந்தா கயித்த இறுக்குவாங்க, மூச்சுக்குழா அடைஞ்சு உள்ள இருக்குற காத்து வெளிய போகாது, குதிரை ஒதறாம நிக்கும், பலூன் மாதிரி மெதக்கும், இழுத்துப் போட்டு ஒடனே கயித்த தளத்துவாங்க. தினமும் அதையே செஞ்ச கைங்க, சில நொடியில முடிச்சுருவாங்க, பக்கத்துலயே இன்னொரு குதிரையும் பலகையும் தயாரா இருக்கும். அவங்கள நான் கொற சொல்லல, அவங்களுக்கு வேற சாமான் இல்ல. ஆனா இன்னிக்கு விழுற குதிரை கிட்ட அந்தக் கயிறும் இல்ல, அந்தக் கையும் இல்ல. ஒரு நிமிஷம் கூடுதலா இறுக்குனா செத்துப் போயிரும். கழுத்து எலும்பு, அதுக்குள்ள ஓடுற நரம்பு, எல்லாத்து மேலயும் 500 கிலோவும் தண்ணியோட கனமும் சேந்து தொங்குது, அண்ணே. அகலப் பட்ட வந்தப்புறம் அந்தக் கொடுமைக்கு அவசியமே இல்ல.

கேள்வி: டீச்சர், நான் ஸ்கூல்ல ஃபார்ம் 2 படிக்கிறேன். அவ்ளோ குளிர்ல குளம் முழுசும் ஐஸ் ஆகாம ஏன் மேல மட்டும் ஆகுது? குதிரைக்கு அது குளம்னு தெரியாதா?

பதில்: நல்ல கேள்வி தம்பி, நான் டீச்சர் இல்ல, அக்கான்னே கூப்பிடு. தண்ணி 4 டிகிரில இருக்குறப்பதான் ரொம்பக் கனமா இருக்கும், அதனால அந்தத் தண்ணி அடியில போயிரும், அதை விடக் குளுந்தது லேசாகி மேல நிக்கும், மேல இருக்குறது 0 டிகிரில ஒறஞ்சு ஐஸ் ஆயிரும். ஐஸ் தண்ணிய விட லேசு, ஒன் ஐஸ் மைலோவுலயே மெதக்குது பாரு. அந்த மூடிதான் கீழ இருக்குற தண்ணி ஒறையாம காக்குது, மீனும் பொழைக்குது. குதிரைக்கு எப்படித் தெரியும், மேல பனி கொட்டி வயலும் குளமும் ஒரே வெள்ளையா கெடக்கும். அதுலயும் அந்தப் பனி போர்வை மாதிரி மூடிக்கிறதால கீழ இருக்குற ஐஸ் சீக்கிரம் கனமாகாது. வேலி சாஞ்ச எடத்துல வெளிய வரும், இல்லன்னா தண்ணி தேடி வரும், நேரா நடந்துரும். குளிர்காலம் ஆரம்பிக்கிறப்பவும் முடியுறப்பவும்தான் ஆபத்து கூட.

கேள்வி: அக்கா, நான் ஆறு பசு வச்சு பால் ஊத்துறேன். இங்க ஐஸுக்கு எங்க போறது, ஆனா மழை காலத்துல மாடு காணுல, அதான் சாக்கடைக் கால்வாய்ல விழுது, பழைய ஈய லம்பத்து (ஈயச் சுரங்கப் பள்ளம்) ஓரம் சேத்துல மாட்டுது. நாங்க வாலையும் கொம்பையும் புடிச்சுத்தான் இழுக்குறோம். குதிரைக்குச் சொன்னது மாட்டுக்கும் பொருந்துமா?

பதில்: பொருந்தும் தம்பி, இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன்.

எங்க வீட்டுல லெட்சுமின்னு ஒரு பசு. எனக்கு அப்ப பத்தொம்பது வயசு, கித்தா, அதான் ரப்பர் காட்டுக்குப் பின்னாடி ஒரு பள்ளம், மழைக்கு சேறாகி லெட்சுமி வயித்து வரைக்கும் எறங்கிருச்சு. சத்தம் கேட்டு லயத்துல இருந்த ஆம்பளைங்க எல்லாம் ஓடி வந்தாங்க, எல்லாரும் நல்லவங்க, எல்லாரும் உதவத்தான் வந்தாங்க. ரெண்டு பேரு கொம்பு, மூணு பேரு வாலு. நானும் வாலத்தான் புடிச்சேன். ஏலேலோன்னு இழுத்தப்ப என் கைக்குள்ளயே டக்குன்னு ஒண்ணு, ஈர முருங்கக் குச்சி ஒடையுற மாதிரி, எனக்கு மட்டுந்தான் தெரிஞ்சுது, சொல்லாம அடுத்த இழுப்புக்கும் சேந்து இழுத்தேன். லெட்சுமி வெளிய வந்துச்சு, எல்லாரும் கை தட்டுனாங்க, அம்மா எல்லாருக்கும் தேத்தண்ணி போட்டாங்க. மறுநாள்லேர்ந்து லெட்சுமி வாலத் தூக்கல. சாணி போட்டா பின்னங்கால் பூரா வழியும், ஈய வெரட்ட முடியாது, கோமியம் சொட்டு சொட்டாத்தான். வாலு வேர்ல ஒடஞ்சா அதுக்குள்ள போற நரம்பு சேதமாகும்னு பின்னால மாட்டு ஆஸ்பத்திரில உதவியாளரா வேலைக்குச் சேந்தப்புறந்தான் எனக்குத் தெரியும். நான் தெனமும் ரெண்டு வேள வெதுவெதுப்பான தண்ணில அத கழுவி விட்டேன், அது திரும்பி என் தோள நக்கும். மூணு மாசம்.

அதனால சொல்றேன், சேறு இழுக்குறத வெறும் பலத்தால ஜெயிக்க முடியாது. கால் எறங்குன எடத்துல காத்து போக வழி இல்லாம உறிஞ்சிப் புடிச்சிருக்கும். ஒரு பிவிசி பைப்ப தண்ணி ஹோஸுல மாட்டி, கால் ஓரமா சேத்துக்குள்ள மெதுவா எறக்கித் தண்ணிய விடு, சேறு எளகி காத்தும் தண்ணியும் உள்ள போனா அந்தப் புடி விட்டுரும். நாலு காலுக்கும் பண்ணு. அப்புறம் அகலப் பட்ட, முன்னங்காலுக்குப் பின்னாடி நெஞ்சச் சுத்தி, முன்னால பலகையோ பழைய தகரக் கதவோ போட்டு அது மேல வழுக்கி வர்ற மாதிரி, ஒரே சீரா இழுங்க. பேக்கோ, அதான் மண்ணு தோண்டுற மிஷின் வச்சிருக்குறவங்க கூப்பிட்டா வருவாங்க, ஆனா பேக்கோ வாளியில கயித்தக் கட்டி வெடுக்குன்னு தூக்க விடாத, கயிறு அந்து தெறிச்சா பக்கத்துல நிக்கிற ஆள் கண்ணு போயிரும். ஆளுங்க எப்பவும் முதுகுப் பக்கம் நிக்கணும், கால் பக்கம் இல்ல.

குதிரைக்கும் மாட்டுக்கும் ஒரே ஒரு பெரிய வித்தியாசம். குதிரைய பக்கவாட்டுல கொஞ்ச நேரம் படுக்க விடலாம், மாட்ட விடக்கூடாது. மாடு அச போடுற மிருகம், பெரிய வயித்துல ஊறுற காத்து ஏப்பமா வெளிய வந்துக்கிட்டே இருக்கணும், ஒருக்களிச்சுக் கெடந்தா வராது, வயிறு உப்பி மூச்ச அடைச்சுரும். அதனால வெளிய எடுத்தவுடனே நெஞ்சு மேல ஒக்கார வச்சு, ரெண்டு பக்கமும் வைக்கோல் மூட்டையோ மண் மூட்டையோ முட்டுக் குடு. எந்திரிக்க மாட்டேங்குதுன்னு அடிக்காத, ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவ பக்கம் மாத்திப் போடு, அதோட எடையே கீழ இருக்குற சதைய நசுக்கும்.

நாலு பேரால முடியலன்னா 999 அடிச்சு பொம்பாவ, அதான் தீயணைப்புப் படையக் கேளு, மாட்டுக்குக் கூப்பிட்டா திட்டுவாங்கன்னு நெறையப் பேரு தயங்குறீங்க, மிருகங்கள மீக்குறதும் அவங்க வேலதான், பாம்பு புடிக்க வர்றாங்கல்ல. அவங்க வர்ற வரைக்கும் ஒன் வேல ஒண்ணே ஒண்ணு, மாட்டோட தாடைக்குக் கீழ ஏதாச்சும் முட்டுக் குடுத்து மூக்கு சேத்துக்கு மேல இருக்குற மாதிரி பாத்துக்க, கண்ணுல ஈரத்துணி போட்டு மூடு, அது கிட்ட பேசு. கொரல் தெரிஞ்ச மாடு அடங்கும்.

இன்னொண்ணு, இத இந்த வாரமே செய்யி. பொம்பா ஸ்டேஷன்ல தேஞ்சு கழிச்ச பழைய ஹோஸ் இருந்தா ஒரு துண்டு கேட்டுப் பாரு, ஆறு மீட்டர் போதும், இல்லன்னா லோரி சாமான் கட்டுற அகல பெல்ட்டு ரெண்டு வாங்கு. அதோட அந்த பிவிசி பைப்பு ஒண்ணு. எல்லாத்தையும் மாட்டுக் கொட்டாயிலயே, எல்லாருக்கும் தெரியுற ஆணியில மாட்டி வையி, ஒன் சம்சாரத்துக்கும் எங்க இருக்குன்னு காட்டிரு.